வாழ்த்துக்குள் நான்கு தாவரங்கள்

கல்யாண மண்டபத்து வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டு கட்டியிருக்கும். உள்ளே மணமக்கள் தலையில் அட்சதை விழும்போது பெரியவர்கள் ஆலமரத்தையும் அருகம்புல்லையும் மூங்கிலையும் சாட்சிக்கு அழைத்து வாழ்த்துவார்கள். கடைசியில் வாழையடி வாழையாக வம்சம் வளரட்டும் என்று முடிப்பார்கள். கேட்டுக்கேட்டுப் பழகிய வாழ்த்து என்பதால், அந்த நான்கு தாவரங்களும் தங்கள் வம்சத்தை எப்படி வளர்க்கின்றன என்று யாரும் நின்று யோசிப்பதில்லை.

யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். நம் தோட்டத்து வாழை துணை தேடுவதே இல்லை. ஆலுக்கோ, கடுகளவுகூட இல்லாத ஒரு குளவி வந்து தூது போனால்தான் விதை. அருகு இரண்டு வழியிலும் போகும். மூங்கில் பல பத்தாண்டுகள் வாழையின் வழியில் போய், கடைசியில் ஒரே ஒருமுறை ஆலின் வழிக்குத் திரும்பி, அத்தோடு உயிரை விடும். மணமக்களை நோக்கிச் சொல்லப்படும் ஒரு வாழ்த்துக்குள் உயிர்கள் பெருகும் எல்லா வழிகளும் அடங்கிவிடுகின்றன. அதில் மணமக்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாதது, நாம் அதிகம் சொல்லும் வாழையடி வாழைதான். காரணம் தெரிய வேண்டுமானால், ஒரு சொல்லில் இருக்கும் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சொல், இரண்டு வேலை

பள்ளியில் பாலினப்பெருக்கம், பாலிலா இனப்பெருக்கம் என்று படித்திருப்போம். இலங்கைப் பாடநூல்களில் இலிங்கமுறை, இலிங்கமில்முறை. வேறுபாடு தருக என்ற கேள்விக்கு, 'முன்னதற்கு இரு பெற்றோர், பின்னதற்கு ஒரு பெற்றோர்' என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். அந்த விடை பாதிதான் சரி. 'இனப்பெருக்கம்' என்ற சொல்லுக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, ஓர் உயிர் பல உயிர்களாவது. அதைப் பெருக்கம் என்போம். மற்றொன்று, இரண்டு உயிர்களின் மரபணுக்கள் கலைந்து புதிதாக அடுக்கப்படுவது. அதைக் கலப்பு என்போம். மனிதரிலும் மாட்டிலும் இரண்டும் ஒரே நிகழ்ச்சியில் நடப்பதால் ஒரே வேலை என்று நினைத்துவிட்டோம்.

இரண்டும் வேறு என்பதற்குக் குட்டைத் தண்ணீரிலேயே சாட்சி இருக்கிறது. பரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிர், பெருக வேண்டுமானால் குறுக்கே பிளந்து இரண்டாகும். அங்கே கலப்பு இல்லை. ஆனால் சில வேளைகளில் இரண்டு பரமீசியங்கள் ஒட்டிக்கொண்டு, தம் உட்கருவின் ஒரு பங்கை மாற்றிக்கொண்டு பிரிந்து போகும். ஒட்டியவை இரண்டு, பிரிந்தவையும் இரண்டு. எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனால் பிரிந்து போகிறவை வந்தபோது இருந்தவை அல்ல. முதலில் நடந்தது பெருக்கம் மட்டும், இரண்டாவதாக நடந்தது கலப்பு மட்டும்.

நம் வீட்டு மோரிலும் முதல் வேலை நடக்கிறது. ஒரு கரண்டி உறையில் இருக்கும் பாக்டீரியாக்கள் இரண்டு நான்காக, நான்கு எட்டாகப் பிளந்துதான் விடிவதற்குள் பால் முழுவதையும் தயிராக்குகின்றன. பாக்டீரியாவுக்குக் கலப்பே கிடையாது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். ஒரு பாக்டீரியாவின் மரபணு இன்னொன்றுக்குப் போகும் என்பதை 1946-ல் லெடர்பெர்க், டேட்டம் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் காட்டினார்கள். மருந்துக்கு அடங்காத தன்மை ஒரு கிருமியிடமிருந்து இன்னொரு வகைக் கிருமிக்குக் கைமாறுவது இப்படித்தான்.

மனிதரிலும் இரண்டு வேலைகளும் பிரிந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஒன்றுபோல இருக்கும் இரட்டையர். தாயின் முட்டையும் தந்தையின் விந்தணுவும் சேர்ந்து ஒரே கரு உண்டாகிறது. அது கலப்பு. பிறகு அந்தக் கரு இரண்டாகப் பிரிகிறது. அது வெறும் நகல்.

வாழை எடுக்கும் நகல்

வாழை மரம் என்று சொல்கிறோமே தவிர அது மரமல்ல. வெளியே தெரிவது இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று சுற்றித் திரண்ட பொய்த்தண்டு. மெய்யான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. அந்தக் கிழங்கின் பக்கத்திலிருந்து பரு புறப்பட்டுக் கன்றாகிறது. தாய் ஒருமுறைதான் குலை தள்ளும், பிறகு மடியும். கன்று அதன் இடத்தைப் பிடிக்கும். விவசாயி நல்ல ஈட்டிக்கன்றாகப் பார்த்துத் தோண்டி வேறிடத்தில் நடுகிறார்.

கன்றின் ஒவ்வொரு செல்லும் தாயின் செல் பிளந்து வந்தது. பிளப்பதற்கு முன் செல் தன் மரபுச்சரட்டை எழுத்துக்கு எழுத்து படி எடுத்துக்கொள்கிறது. ஆகவே கன்று, தாய்க்குப் பிறந்த பிள்ளை என்பதைவிடத் தாயே இன்னோர் இடத்தில் நிற்கிறது என்பதுதான் பொருத்தம். ஊர் முழுக்க ஆயிரம் பூவன் வாழை நின்றாலும் மரபணுக் கணக்கில் ஏறத்தாழ ஒரே வாழைதான்.

அப்படியானால் வாழைப்பூ எதற்கு? அதுவும் முறையான பூதான். மேல் சீப்புகளில் பெண் பூக்கள். அவையே காயாகின்றன. கீழே மடலுக்குள் சுருண்டு கிடப்பவை ஆண் பூக்கள். சமையலுக்கு ஆயும்போது ஒவ்வொரு பூவிலிருந்தும் தீக்குச்சி போன்ற ஒன்றைக் கிள்ளி எறிகிறோமே, 'கள்ளன்' என்று, அது மகரந்தத்தை வாங்கிக்கொள்வதற்காக ஏற்பட்ட சூல்தண்டு. வேலை நின்றுபோன உறுப்பு. பழத்தை நீளவாக்கில் பிளந்தால் நடுவே தெரியும் கறுப்புப் புள்ளிகள், விதையாகாமல் போன சூல்கள்.

வேலை நின்றதற்குக் காரணம் ஒரு கணக்கு. காட்டு வாழையில் குரோமோசோம் தொகுதி இரண்டு, தொகுதிக்கு 11 வீதம் 22. அது பூத்தால் விதை வரும், பழத்துக்குள் சதையைவிடக் கறுப்பு விதைகளே அதிகம் இருக்கும். நாம் விரும்பி உண்ணும் பூவன், ரஸ்தாளி, நேந்திரம், மொந்தன் போன்ற பெரும்பாலானவற்றில் மூன்று தொகுதி, 33. பாலணுக்களை உண்டாக்க, குரோமோசோம்கள் சோடி சோடியாக நின்று சரிபாதி பிரிய வேண்டும். மூன்றை எப்படிச் சரிபாதியாகப் பிரிப்பது? கணக்கு இடிப்பதால் உருப்படியான விதை பிறப்பதில்லை. இதோடு, மகரந்தம் சேராமலே காய் பருக்கும் குணமும் வாழைக்குச் சேர்ந்துகொண்டது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தென்கிழக்கு ஆசியப் பகுதியில் யாரோ இப்படிப்பட்ட விதையில்லா வாழையைக் கண்டு, அதன் கன்றை வைத்துக் காப்பாற்றியதால் வந்ததுதான் இன்றைய வாழை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விதையில்லாப் பழம் தின்றால் பிள்ளை பிறக்காது என்று கைபேசியில் ஒரு செய்தி அவ்வப்போது சுற்றி வருகிறது. வாழைப்பழமே விதையில்லாப் பழம்தான். தலைமுறை தலைமுறையாக அதைத் தின்றுகொண்டேதான் நாம் இத்தனை பேர் ஆகியிருக்கிறோம். திசு வளர்ப்பு வாழை என்றதும் மரபணு மாற்றிய வாழை என்று அஞ்சுவோரும் உண்டு. கிழங்கு செய்யும் அதே வேலையைக் கண்ணாடிக் குடுவைக்குள் செய்வதுதான் திசு வளர்ப்பு. அதில் மரபணுவை யாரும் மாற்றுவதில்லை. வேண்டுமானால் எதிர்ப்பக்கமிருந்து குறை சொல்லலாம்: கொஞ்சமும் மாறவில்லை என்பதுதான் அதன் பலவீனம்.

நகலின் வரவும் செலவும்

நகல் எடுப்பதில் லாபம் பெரிது. துணை தேட வேண்டாம், பூச்சிக்குத் தேன் வைக்க வேண்டாம், மகரந்தத்தைக் காற்றில் இறைக்க வேண்டாம். நல்லதாக ஒன்று அமைந்துவிட்டால் அதைக் குலையாமல் காக்கலாம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கித் தந்த விருப்பாட்சி மலை வாழையின் மணமும் இறுக்கமும் தலைமுறைகள் தாண்டி மாறாமல் வந்ததற்குக் கன்றுதான் காரணம். விதையில் வந்திருந்தால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு ருசி இருந்திருக்கும்.

செலவும் அங்கேயே காத்திருந்தது. முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் பழனி மலையிலும் சிறுமலையிலும் புகுந்தபோது விருப்பாட்சித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. ஒரு மரத்தைச் சாய்க்கத் தெரிந்த நோய்க்கு அடுத்த மரத்தைச் சாய்க்கப் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை, அதுவும் அதே மரம்தானே. நோய் கண்ட தாயிடமிருந்து எடுத்த கன்று, வைரஸையும் சேர்த்தே புது நிலத்துக்குக் கொண்டு போனது. மரத்துக்கு மரம் அதைப் பரப்பும் வாழை அசுவினியும் ஆண் துணையில்லாமல் பெண்ணிலிருந்து பெண்ணாகப் பெருகும் பூச்சி. நகலை நகல் தாக்கிய கதை அது.

உலகச் சந்தையில் இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பாலும் தின்றது குரோ மிஷேல் என்ற ஒரே ரகம். பனாமா வாடல் என்ற மண்பூசண நோய் மத்திய அமெரிக்கத் தோட்டங்களைத் தொடர்ந்து அரித்து, 1960-களுக்குள் ஏற்றுமதியிலிருந்தே அதை விரட்டிவிட்டது. அந்த இடத்தில் வைத்தது கேவண்டிஷ், அதுவும் ஒரே ரகத்தின் நகல்தான். இப்போது அதே பூசணத்தின் வேறொரு வகை கேவண்டிஷையும் தாக்குகிறது. அது நம் நாட்டில் பிஹாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கால்வைத்தாயிற்று. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கி, சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்ட பஞ்சத்திலும் இதே பாடம் இருந்தது. ஏழைகள் நட்டதெல்லாம் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே ரகக் கிழங்கு.

கலப்புக்கு ஏன் இத்தனை செலவு

இதைக் கேட்டதும், அப்படியானால் கலப்புதான் உயர்ந்தது என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். கலப்பின் செலவையும் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு பெண் பூச்சி இரண்டு குஞ்சு பொரிப்பதாக வைத்துக்கொள்வோம். கலந்து பெருகும் இனத்தில் அதில் ஒன்று ஆண், ஒன்று பெண். ஆண் குஞ்சு பொரிக்காது. ஆகவே அடுத்த தலைமுறையில் பெற்றெடுப்பது ஒன்றுதான். நகலெடுக்கும் இனத்தில் இரண்டும் பெண், இரண்டும் பெற்றெடுக்கும். தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிப்பு. இந்தக் கணக்குப்படி நகலெடுப்பவை எப்போதோ உலகத்தை நிரப்பி, ஆண் என்ற ஏற்பாட்டையே ஒழித்திருக்க வேண்டும். ஒழிக்கவில்லை. விலங்குகளிலும் தாவரங்களிலும் மிகப் பெரும்பாலானவை எங்கேயோ ஒரு கட்டத்தில் கலக்கின்றன. ஏன் என்ற கேள்வி உயிரியலாளர்களை நெடுங்காலம் தூங்கவிடவில்லை.

விடையின் முதல் பகுதி, கலப்பு என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. நம் உடல் செல்லில் 23 சோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. முட்டையோ விந்தணுவோ உண்டாகும்போது, குன்றல் பகுப்பு என்ற பிரிவினையில், சோடிக்கு ஒன்றாகத்தான் உள்ளே போகும். எது போகும் என்பது குலுக்கல். 23 சோடியில் இப்படித் தேர்ந்தெடுக்கும் வழிகள் 83,88,608. உயிர் வகை எண்பத்து நான்கு லட்சம் என்று நம் முன்னோர் சொன்ன கணக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. தற்செயல்தான், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வசதி. இது ஒருவர் பக்கத்துக் கணக்கு. தாய் பக்கம் 84 லட்சம், தந்தை பக்கம் 84 லட்சம் என்று பெருக்கினால் சுமார் 70 லட்சம் கோடி. பிரிவதற்கு முன் சோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதையும் சேர்த்தால் எண்ணுவதையே விட்டுவிடலாம். புள்ளிகள் எல்லாம் தாய் தந்தை வைத்தவைதான். ஆனால் அந்தப் புள்ளிகளில் இதுவரை யாரும் போடாத கோலத்தை ஒவ்வொரு பிள்ளையும் போட்டுக்கொண்டு வருகிறது.

இரண்டாவது பகுதி, அந்தப் புதுக் கோலத்தால் என்ன பயன் என்பது. கிருமியும் ஒட்டுண்ணியும் நம்மைவிட வேகமாகப் பெருகி, வேகமாக மாறுகின்றன. நேற்று அதிகமாக இருந்த உடலமைப்பைத் தாக்கத்தான் அவை பழகியிருக்கும். பிள்ளைகள் ஒவ்வொன்றும் வேறாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே அடியில் வீழ்த்த முடியாது. இதை அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவை வைத்துச் சோதித்தார்கள். ஒரு கூட்டம் தன் விந்தைத் தன் முட்டையோடு மட்டுமே சேர்த்துக்கொள்ளும்படி ஆக்கப்பட்டது. இன்னொன்று வேறு புழுவோடு கலக்கக்கூடியது. இரண்டையும், தலைமுறைதோறும் தன்னை மாற்றிக்கொள்ளும் நோய்க்கிருமியோடு வளர்த்தார்கள். தனக்குள்ளேயே முடித்துக்கொண்ட கூட்டங்கள் இருபது தலைமுறைக்குள் அற்றுப்போயின. கலந்தவை பிழைத்தன.

மூன்றாவதும் உண்டு. படி எடுப்பதில் எப்போதாவது பிழை விழும். நகல் வழியில் ஒரு பிழை விழுந்தால் அடுத்த நகல்களெல்லாம் அதைச் சுமக்கும், பிழைமேல் பிழை சேரும். கலப்பில், பிழையுள்ள பக்கம் ஒரு பிள்ளைக்குப் போகாமல் தப்பலாம்.

ஆகவே உயிர்கள் எதையும் கொள்கையாகப் பிடித்துக்கொள்வதில்லை, காலம் பார்த்து நடக்கின்றன. அசுவினியே இதற்கு நல்ல ஆசிரியர். 1740-ல் ஜெனீவாவைச் சேர்ந்த இருபது வயது இளைஞர் சார்ல் போனே, அப்போதுதான் பிறந்த அசுவினி ஒன்றை ஆண் வாடையே படாமல் அடைத்து வைத்து நாள்தோறும் கவனித்தார். அது 95 குட்டிகளை ஈன்றது. குளிர் நாடுகளில் வசந்தமும் கோடையும் அசுவினிகள் இப்படியே பெண்ணுக்குப் பெண் பெருகும். இலை தளதளவென்று இருக்கும்போது வேகம்தான் முக்கியம். இலையுதிர் காலம் வந்ததும் ஆண்கள் பிறக்கும், கலப்பு நடக்கும், பனியைத் தாங்கும் முட்டைகள் வைக்கப்படும். அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்று தெரியாத நிலையில் வேறு வேறு பிள்ளைகளை விட்டுப்போவதுதான் புத்தி.

அருகு, ஆல், மூங்கில்

அருகம்புல் இதே இரண்டையும் சேர்த்தே செய்கிறது. கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுவது நகல். களை எடுக்கிறோம் என்று துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் துண்டுக்கு ஒரு புல்லாக எழுந்து நிற்கும். ஊடே விரல்கள் போல விரியும் கதிர் நீட்டி, காற்றில் மகரந்தம் அனுப்பி விதையும் வைக்கும். பக்கத்து நிலத்தைப் பிடிக்க ஓடுதண்டு, தொலை நிலத்துக்கு விதை.

ஆலின் கதை வேறு. ஆல் பூத்து யாரும் பார்த்ததில்லை என்பார்கள். பூ இருக்கிறது, ஆலம்பழம் என்று நாம் சொல்வதற்குள். உருண்டையின் உள்சுவரில் நூற்றுக்கணக்கான நுண்பூக்கள். நுனியிலிருக்கும் சின்னத் துளை வழியாக ஒரு பெண் குளவி நுழையும். நுழையும்போதே சிறகு உதிரும், திரும்பி வர வழியில்லை. வேறோர் ஆலிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே மடியும். அடுத்த தலைமுறையில் ஆண் குளவிகள் முதலில் வெளிவந்து பெண்களோடு கூடி, வெளியேற வழி குடைந்துவிட்டு உள்ளேயே சாகும். பெண்கள் புது மகரந்தத்தோடு அடுத்த ஆலைத் தேடிப் பறக்கும். ஆலுக்கென்றே இருக்கும் அந்தக் குளவி இல்லையென்றால் ஆலுக்கு விதை இல்லை. இத்தனை பாடும் கலப்புக்காக. அந்தக் குளவியிடம் இன்னொரு வியப்பு: கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். தேனீயிலும் இப்படியே. ஆண் தேனீக்குத் தாய் உண்டு, தந்தை இல்லை.

விழுதுகளோ வம்சக் கணக்கில் வராது. அவை அதே மரத்தின் தாங்குகால்கள். சென்னை அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலின் தாய்த்தண்டு 1989-ல் காற்றில் சாய்ந்த பிறகும், விழுதுகளே தண்டாகி அந்த மரத்தைத் தாங்குகின்றன. மரம் தன்னைக் காப்பது விழுதால், புது ஆலைப் படைப்பது விதையால்.

மூங்கில் இரண்டையும் காலத்தால் பிரித்து வைத்திருக்கிறது. மண்ணுக்குள் கிழங்குத் தண்டு படர்ந்து, புதர் புதராக நகல்களை எழுப்பிக்கொண்டே இருக்கும். பிறகு ஓர் ஆண்டு காடே சேர்ந்து பூத்து, விதை கொட்டி, காய்ந்துபோகும். நம் மலைகளில் மூங்கிலரிசி கிடைப்பது அந்த ஆண்டில்தான். மிசோரமில் ஒரு வகை மூங்கிலுக்கு இந்தச் சுற்று ஏறக்குறைய 48 ஆண்டு. 1959-ஐ ஒட்டி அது பூத்தபோது கொட்டிய விதையைத் தின்று எலிகள் பெருகின. விதை தீர்ந்ததும் அவை வயலுக்குள் இறங்கப் பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பே 1961-ல் மிசோ தேசிய முன்னணி என்ற அரசியல் இயக்கமாக மாறியது. மறுபடியும் 2006-ஐ ஒட்டி மூங்கில் பூத்தது. எல்லாம் ஒரே வேளையில் விதைப்பதால் எலிகள் எவ்வளவு தின்றாலும் முளைப்பதற்கு மிச்சம் இருக்கும், மூங்கிலுக்கு அதில் அதுதான் லாபம்.

விதை என்றாலே கலப்பா?

இங்கே வாசகர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இரண்டு இடங்களைச் சொல்லிவிட வேண்டும்.

விதை என்றால் கலப்பு என்பது முழு உண்மை அல்ல. பங்கனப்பள்ளிக் கொட்டையை ஊன்றினால் பங்கனப்பள்ளி வராது, அது கலப்பின் பிள்ளை. அதனால்தான் ஒட்டுக் கட்டுகிறோம். ஆனால் வெள்ளைக்கொழும்பான் போன்ற சில மா வகைகளின் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் எழும். அவற்றில் பெரும்பாலானவை கருவிலிருந்து வந்தவை அல்ல, தாயின் திசுவிலிருந்தே வந்தவை. விதை வடிவில் வந்த நகல்கள்.

அதேபோல, ஒரே பெற்றோர் என்றால் நகல் என்பதும் சரியல்ல. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே தன் சூலில் சேர்த்துக்கொள்கிறது. பெற்றோர் ஒன்றுதான். ஆனால் அங்கே குன்றல் பகுப்பு உண்டு, பாலணுக்கள் உண்டு, கருவுறுதல் உண்டு. அது பாலினப்பெருக்கம்தான். எத்தனை பெற்றோர் என்று எண்ணுவதைவிட, மரபணு கலைந்து அடுக்கப்பட்டதா என்று கேட்பதே சரியான கேள்வி. பள்ளி விடை பாதிதான் சரி என்று முன்னே சொன்னது இதனால்தான்.

இனி, துணையில்லாமல் பெருகுவது கீழ்நிலை உயிர்களின் வழி என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். 2006-ல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சியகத்தில் ஃபுளோரா என்ற கொமோடோ டிராகன், எந்த ஆணோடும் சேராமலே முட்டையிட்டது; 2007 தொடக்கத்தில் குஞ்சுகள் பொரிந்தன. உலகின் மிகப் பெரிய பல்லி இனம் அது. பாலூட்டிகளில் இது இயற்கையாக நடப்பதில்லை. சில மரபணுக்கள் தந்தை வழி வந்தால்தான் வேலை செய்யும், சில தாய் வழி வந்தால்தான். இரு பக்கமும் இல்லாமல் கரு வளராது.

கரும்பு காட்டிய வழி

இயற்கை இரண்டையும் வைத்துக்கொள்கிறது. மனிதனும் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே கோயம்புத்தூர் காட்டியது.

கரும்பு கரணையில்தான் நடப்படுகிறது. வெட்டிய பின் கட்டைக் கரும்பாக மறுபடி தழைக்கிறது. வயலில் அது முழுக்க நகல் பயிர். கரும்புப் பூவில் முளைக்கும் விதை உண்டு என்பதே 1880-களின் கடைசியில்தான் ஜாவாவிலும் பார்படோஸிலும் உறுதியானது. 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியதற்கு ஒரு காரணம், வட இந்தியாவில் சரியாகப் பூக்காத கரும்பு அந்த மண்ணில் பூப்பது. அங்கே ஆய்வாளர் பார்பரும் அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமனும், சாறு நிறைந்த 'வெள்ளை' என்ற உள்ளூர்க் கரும்பை, ஆற்றோரம் கிடக்கும் நாணலோடு கலந்தார்கள். தின்னத் தகாத அந்தப் புல்லிடம் நோயையும் வறட்சியையும் தாங்கும் வலு இருந்தது. பிறந்த கோ 205 என்ற ரகம் 1918-ல் வட இந்தியாவுக்குப் போய் அங்கே கரும்புச் சாகுபடியையே மாற்றியது. பின்னாளில் தாவரவியலாளர் ஜானகி அம்மாளும் அந்த நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கலப்பு ஆய்வு நிலையத்தில், பெருக்கம் வயலில். பெருக்கத்தையும் கலப்பையும் தெரிந்தே பிரித்து, இரண்டின் பயனையும் எடுத்த ஏற்பாடு அது.

ஆனால் அந்த ஏற்பாடு தானாக ஓடாது. 2009-ல் வெளியான கோ 0238 என்ற சிறந்த ரகம் உத்தரப் பிரதேசக் கரும்பு நிலத்தின் பெரும்பகுதியைப் பிடித்தது. வெற்றி அளவு மீறியதும் செவ்வழுகல் நோய் அதைத் தேடி வந்தது. மறுபடியும் புதிய கலப்புகளைத் தேடி ஆய்வு நிலையத்துக்கே ஓட வேண்டியதாயிற்று. ரகம் எவ்வளவு நல்லதானாலும் அதன் நகல்களால் மட்டும் நிலத்தை நிரப்புவது கடனுக்கு விருந்து வைப்பது போல. வட்டியைப் பின்னால் ஒரு பூசணம் வந்து வசூலிக்கும்.

வாழைக்கு இந்த வேலை இன்னும் கடினம். ஆயிரக்கணக்கான பழங்களைப் பிசைந்து சலித்தால் சில விதைகள் கிடைத்தால் உண்டு. ஆகவே கலப்புக்கு வேண்டிய மூலப்பொருள் காட்டு வாழைகளிடமே இருக்கிறது. வடகிழக்கு மாநிலங்களின் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கறுப்பு விதையோடு நிற்கும் வாழைகளை யாரும் விலைக்கு வாங்கமாட்டார்கள். அவற்றையும் நாட்டு ரகங்களையும் திருச்சியின் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் சேகரித்து வைக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1,500-க்கும் மேற்பட்ட வாழை வகைகள் குடுவைகளில் காக்கப்படுகின்றன. இவற்றுக்குச் செலவிடும் பணம் உடனே குலையாகத் தெரியாது. அதனால்தான் நிதி ஒதுக்கும்போது முதலில் வெட்டு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இதுதான். விவசாயிக்குச் சொல்ல வேண்டியது அதைவிட எளிது: நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று வாங்குங்கள், நல்லதே. ஆனால் ஊர் முழுக்க ஒரே ரகம் வேண்டாம்.

மறுபடி மண்டப வாசலுக்கு வருவோம். அங்கே கட்டியிருக்கும் வாழை, தன் பெற்றோர் யார் என்பதையே மறந்த ஒற்றை உயிர். உள்ளே அமர்ந்திருக்கும் இருவருக்கும் பிறக்கப்போகும் பிள்ளை, உலகத்தில் இதற்கு முன் ஒருமுறைகூட இருந்திராத ஆள். மூக்கு அப்பாவுடையதாக இருக்கலாம், பிடிவாதம் பாட்டியுடையதாக இருக்கலாம், மொத்தத்தில் யாருடைய நகலும் ஆகாது. அதற்காக வாழ்த்தை மாற்ற வேண்டியதில்லை. வம்சம் அறாமல் இருக்க வாழை, வம்சம் புதிதாக இருக்க ஆல். பெரியவர்கள் நான்கையும் சேர்த்தே சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று.